நேபோ மலைச் சபையின் கடைசிக் கை

சிகாகோ,
1917 ஏப்ரல் 12, வியாழன்

என் உயிருக்குயிரான கார்டிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன்! வேடல் துரை வீட்டுப் போர்வைகளை வெளுத்துக் கொடியில் போட்ட கையோடு, மேலங்கியை மாட்டிக்கொண்டு நடந்தவள்தான். நம் கிரீன் ஃபோர்க் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. எட்டு மைல் நடந்து அடுத்த ஊரில் ரயில் ஏறினேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று திட்டாதே. போதகரின் மகளிடம் சொல்லிவிட்டு, அப்பாவிடம் பொய் சொல் என்று எப்படிக் கேட்பது? மூன்று வாரமாக எழுதாததற்கு மட்டும் மன்னித்துக்கொள்.

ஒகையோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வடக்கே நுழைந்ததும் ரயில் சிப்பந்தி, நம் கறுப்பு ஆள்தான், கறுப்பர் பெட்டியில் இருந்த என் காதோரம் வந்து, "அக்கா, இனிமே எந்தப் பெட்டியில வேணும்னாலும் உக்காரலாம்" என்றான். நான் உடனே எழுந்து முன் பெட்டிக்குப் போய், பின்னல் போட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளும் சாகவில்லை, நானும் சாகவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு என் பழைய இடத்துக்கே திரும்பினேன், சோளரொட்டி மூட்டை அங்கே இருந்ததே!

இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. நாற்றத்தைப் பற்றிக் கேட்காதே. முதல் நாள் மேஸ்திரி, "மிஸஸ் ட்ரம்மண்ட்" என்று கூப்பிட்டார். யாரோ பெரிய மனுஷி வருகிறாள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் புருஷன் செத்து ஆறு வருஷம். அவன் பெயரை மரியாதையோடு ஒரு வெள்ளைக்காரன் வாயில் கேட்க இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது, பார்த்தாயா.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு பெரிய பாப்டிஸ்ட் சபை. பாடகர் குழுவில் மட்டும் அறுபது பேர்! ஓடிப் போய்ச் சேரலாம் என்றால், மூக்குக்கண்ணாடி போட்ட சபைக் காரியதரிசி, "உங்க பழைய சபையிலேர்ந்து கடிதம் எங்கே, சகோதரி?" என்றார். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் சபைக் கடிதம் யாருக்கு நினைவிருந்தது! அது வரும் வரை எனக்குக் கடைசிப் பெஞ்சுதான், விருந்தாளி பெஞ்சு. முதல் ஞாயிறு திருவிருந்துத் தட்டு எனக்கு முந்தின வரிசையோடு திரும்பிப் போய்விட்டது. பதினாலு வயதிலிருந்து நான் ஒரு திருவிருந்தையும் விட்டதில்லை, உனக்குத் தெரியும்.

ஆகவே, நேபோ மலைச் சபையின் காரியதரிசி அம்மா, அடுத்த மாதக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி, எல்லோரையும் கை தூக்கச் சொல்லி, 'நற்சாட்சி பெற்ற அங்கத்தினள்' என்று உன் அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பு. ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று அந்த மூக்குக்கண்ணாடியிடம் வீறாப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னோடு ஒரே நாளில் ஒரே ஓடையில் முழுக்கு வாங்கிய,
ஓஸெல்லா


கிரீன் ஃபோர்க், மிசிசிப்பி,
1917 மே 7, திங்கள்

ஓடிப்போன கழுதைக்கு,

ஆமாம், அப்படித்தான் கூப்பிடுவேன். நீ ஆற்றில் விழுந்து போய்விட்டாய் என்று நான் இரண்டு நாள் அழுதேன். வேடல் வீட்டம்மா மூன்று நாள் அழுதாள், அது போர்வைக்காக. கொடியில் கிடந்ததை மழை நனைத்துவிட்டதாம்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. முன் பெட்டியில் உட்கார்ந்தாயா! நிஜமாகவா! பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதே சிரித்துவிட்டேன்.

ஓஸி, இனி நல்ல செய்தி இல்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்ல எழுந்தேன். அப்பா என்னை மேலே பேசவிடவில்லை. "மேய்ப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வேலிய தாண்டிப் போன ஆட்டுக்கு நற்சாட்சியா? உக்காரு, கார்டீலியா" என்றார். அவர் என் முழுப்பெயரைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். ஓட்டுக்கே விடவில்லை. எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். அவர் சொல்வதையும் எழுதிவிடுகிறேன். போகிறவர்கள் போனால் வயதானவர்களை யார் பார்ப்பது? இந்தச் சபையை அவர் அப்பா அடிமைத்தளை அறுந்த வருஷம் கட்டினார், அதை வெளவாலுக்கு விட்டுவிட்டுப் போவதா? எல்லாம் சரிதான். ஆனால் அதே மூச்சில், "வேடல் துரை கூரைக்குப் பலகை கொடுத்திருக்காரு, போகாதீங்கன்னு ஜனங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லிருக்காரு" என்கிறார். அந்தத் துரைதானே மரமில் முதலாளி, தன் மில்லில் ஆள் குறைகிறதே என்று கவலை. அப்பாவுக்கு அந்தப் பலகை கர்த்தர் அனுப்பியதாகத் தெரிகிறது. எனக்கு அந்தக் கூரையின் கீழ் மூச்சு முட்டுகிறது.

விதியும் உனக்குத் தெரியும். கூட்டத்தில் மற்றவர்கள் கை தூக்கி ஓட்டெடுத்தால்தான் கடிதம், தனக்குத் தானே தூக்கிக்கொள்ளக் கூடாது. ஓட்டெடுத்ததும் பதிவேட்டில் பெயர்மேல் நான் கோடு போட வேண்டும், கோடு விழுந்தவர் அதன்பின் கை தூக்கக் கூடாது. உன் பெயர்மேல் கோடு இல்லை. நீ இன்னும் எங்களுடையவள்தான் என்று நினைத்து ஆறுதல் படு.

இங்கே தபாலை உடைத்துப் பார்க்கிறார்கள். இனி ஞாயிறு பள்ளிப் பாடத்தாளுக்குள் மடித்து அனுப்பு. வேத பாடத்தை அவர்கள் தொடுவதில்லை.

கோபமும் ஏக்கமுமாக,
கார்டி


சிகாகோ,
1917 மே 16, புதன்

அன்புள்ள கார்டி,

ஆடாம் நான்! உன் அப்பாவுக்கு என் சார்பாக ஒரு 'மே' சொல்லிவிடு.

எனக்குக் கோபம் வந்து இரண்டு தட்டு உடைந்தது. இரண்டும் வீட்டுக்காரம்மா மிஸஸ் பிலிமோருடையவை. அவர் தட்டுக்காகத் திட்டாமல், "உன் போதகர் தலைன்னு நெனச்சு போட்டியா? அப்ப சரி" என்று விட்டுவிட்டார். இந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நாற்காலியைப் பிடித்துக்கொள். போன மாதம் வார்டுத் தேர்தலில் இவர் ஓட்டுப் போட்டார்! கறுப்பி, அதுவும் பெண்! இந்த மாநிலத்தில் பெண்களுக்கு அது உண்டாம். தொப்பி வைத்துக்கொண்டு போனாராம், பெயரைக் கேட்டார்களாம், போட்டுவிட்டு வரும் வழியில் கோழி வாங்கினாராம். யாரும் துப்பாக்கியோடு வாசலில் நிற்கவில்லையாம். இங்கே ஒரு வருஷம் வசித்தால் எனக்கும் உண்டு. நாட்காட்டியில் நாளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போடப் போகிற எனக்குச் சபையில் ஒரு கை தூக்க முடியவில்லை. இதை யாரிடம் சொல்லி அழ?

மூக்குக்கண்ணாடிக்கே என்மேல் இரக்கம் வந்து, "கடிதம் வரலைன்னா பரவால்ல சகோதரி, மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்குங்க, உள்ளேயே தொட்டி இருக்கு, வெந்நீர்தான்" என்றார். வெந்நீராம்! கார்டி, நாம் இரண்டு பேரும் பிப்ரவரி மாத ஓடையில் பல் கிட்டித்து நின்றோமே, உன் அப்பா என் தலையை அமுக்கினாரே, நான் நீலமாகி எழுந்து அல்லேலூயா என்று கத்தினேனே, அது செல்லாதா? மறுபடி முழுகினால் அது பொய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. மாட்டேன். எனக்கு என் கடிதம்தான் வேண்டும். உன் அப்பா கையெழுத்தோடு வேண்டும். அது வரும் வரை கடைசிப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, முன்னால் இருக்கிற தொப்பிகளை எண்ணுவேன்.

இதோடு நம் ஆட்கள் நடத்தும் பத்திரிகை ஒன்றை நறுக்கி வைத்திருக்கிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடு.

உன் வேலி தாண்டிய,
ஓஸெல்லா


கிரீன் ஃபோர்க்,
1917 ஜூலை 9, திங்கள்

என் ஓஸிக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா? முதலில் அதை எழுது. ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் நம் ஜனங்களை வீட்டோடு வைத்து எரித்தார்கள் என்று செய்தி. அதுவும் உன் இல்லினாய்தானே! எரிந்ததை இந்த ஊர் வெள்ளைக்காரர்கள்தான் முதலில் வந்து எங்களிடம் சொன்னார்கள், அக்கறையாக! அப்பா நேற்று அதை வைத்தே பிரசங்கம் செய்தார். "அங்கயும் இதே தீதான், இங்கயாவது உங்க பேரு தெரிஞ்சவன் கொளுத்துவான்" என்றார். ஜனங்கள் ஆமென் சொல்லவில்லை. அவர் நாற்பது வருஷத்தில் அப்படி ஒரு அமைதியைக் கேட்டிருக்க மாட்டார்.

போகிறவர்கள் நிற்கவில்லை, ஓஸி. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பெஞ்சு மெலிகிறது. கடிதம் கேட்டால் அப்பா கொடுப்பதில்லை, அதனால் கேட்காமலே போகிறார்கள். நான் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் விழிக்கிறேன்.

நேற்று முன்தினம் பெரிய அநியாயம். நம் சபை டீக்கன் எப்பிராயீம், கையில் டிக்கெட்டோடு ஸ்டேஷனில் நின்றார். ஷெரிப் டிக்கெட்டை வாங்கிக் கிழித்துப் போட்டு, வேலையில்லாமல் திரிகிறவன் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டான். இருபது வருஷம் மில்லில் ரம்பம் இழுத்தவர், வேலையில்லாதவராம்! அப்பா கோட்டைத் துலக்கி மாட்டிக்கொண்டிருக்கிறார். "நான் போய் ஒரு வார்த்தை சொன்னா போதும், வேடல் துரை எனக்காக சாட்சி சொல்லுவாரு" என்கிறார். வழக்கு ஆகஸ்டில். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் கோட் பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன்.

பதில் போடு, உடனே போடு.

கார்டி


சிகாகோ,
1917 ஜூலை 18, புதன்

அன்புக் கார்டி,

நன்றாக இருக்கிறேன். உயிரோடு, வாயோடு இருக்கிறேன்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இது பரலோகம் இல்லை. நாலு தெரு தள்ளி ஒரு கறுப்பர் வீட்டு ஜன்னலில் செங்கல் விழுந்தது. தொழிற்சாலையில் சில பேர் எங்களைப் பார்த்துத் துப்புகிறார்கள். உன் அப்பா சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அந்த ஜன்னல்காரர் என்ன செய்தார் தெரியுமா? போலீசுக்குப் போனார், பத்திரிகைக்குப் போனார், மறுநாள் புதுக் கண்ணாடி போட்டு, அதே ஜன்னலில் உட்கார்ந்து காப்பி குடித்தார். நான் வேலைக்குப் போகும்போது அவருக்குக் கை காட்டினேன். ஊரில் இருந்தால் அவர் அடுத்த நாளே சதுப்புக் காட்டில் ஒளிந்திருப்பார். எனக்கு இந்த வித்தியாசம் போதும், கார்டி. இதற்காக இன்னும் பத்துத் தொழிற்சாலை நாற்றத்தைத் தாங்குவேன்.

எப்பிராயீமை நினைத்தால் வயிறு எரிகிறது. உன் அப்பாவை நினைத்தாலும் எரிகிறது, அது வேறு எரிச்சல். அவர் அந்தக் கோட்டில் ரொம்ப நேர்த்தியாக இருப்பார். அங்கே யாராவது அவரை மனுஷனாகப் பார்த்தால் சரி.

ஓஸெல்லா


கிரீன் ஃபோர்க்,
1917 செப்டம்பர் 3, திங்கள்

ஓஸி, ஓஸி, ஓஸி,

கை வலிக்கிறது, விரலெல்லாம் மை, ஆனாலும் இன்றைக்கே உனக்கு எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்!

முதலில் வழக்கு. அப்பாவைக் கோர்ட்டுக் கச்சேரி வாசலில் காலையிலிருந்து வெயிலில் நிற்க வைத்தார்கள். மத்தியானம் வேடல் துரை வந்தார். அப்பா தொப்பியைக் கழற்றி, "ஐயா, எப்பிராயீமை உங்களுக்குத் தெரியும், என்னையும் தெரியும்" என்றாராம். துரை கூட வந்த நீதிபதியைப் பார்த்து, "இந்தக் கிழவன் யாரு, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எப்பிராயீமுக்கு ஒரு வருஷம், காலில் சங்கிலியோடு சாலை வேலை. அப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார். சாப்பிடவில்லை. நான் வைத்த கீரையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் ஆறிப்போயின.

நேற்று முன்தினம் மாதக் கூட்டம். ஜெபித்து முடித்ததும் அப்பா மேலே பார்த்தார். அந்தப் புதுப் பலகைகளையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார், "இந்தக் கூரைக்குக் கீழே நான் உங்களுக்குப் பொய் சொல்லிட்டேன். யாருக்கெல்லாம் கடிதம் வேணும்? கையத் தூக்குங்க."

முதலில் எப்பிராயீமின் மனைவி தூக்கினாள். அவருக்கும் சேர்த்து இரண்டு கையையும் தூக்கினாள்! அப்புறம் கோதுமை வயலில் காற்று வந்த மாதிரிதான். அறுபத்தோரு கடிதம்! நான் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கிய கை ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் பெயரை எழுதினேன். ஒவ்வொரு பெயராக ஓட்டெடுத்தோம். அழுதோம், கத்தினோம், யாரோ பாட ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. அன்றிரவிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன். சொல்லாமல் போனவர்களுக்கும் அவரவர் சொந்தக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

எல்லோரும் ஒன்றாக வர முடியாது, ஷெரிப் ஸ்டேஷனில் நிற்கிறான். மாநாட்டுக்குப் போகிறவர்கள் மாதிரித் தொப்பியும் வேதப்புத்தகமுமாக இரண்டு பேர், மூன்று பேராக, வேறு வேறு ஊரில் ஏறுவார்கள். எப்பிராயீமின் மனைவி மட்டும் அவர் வெளியே வரும் வரை தன் அக்காவோடு தங்குகிறாள், கடிதம் இரண்டும் அவள் மடியில் இருக்கிறது. நீ வருகிறவர்களை வரவேற்கத் தயாராக இரு. நாங்கள் வருகிறோம், ஓஸி! நேபோ மலை முழுக்க நகர்ந்து வருகிறது!

சந்தோஷப் பைத்தியம் பிடித்த,
கார்டி


சிகாகோ,
1917 அக்டோபர் 24, புதன்

கார்டிக் கண்ணே,

வந்துகொண்டே இருக்கிறார்கள்! நேற்று ஏழு பேர். மிஸஸ் பிலிமோர் என்னைப் பார்த்து, "உன் மிசிசிப்பியில இன்னும் ஆளு மிச்சம் இருக்கா, இல்ல மாடுங்களும் வருமா?" என்கிறார். ஆனால் அவர்தான் ஒவ்வொருவருக்கும் அறை தேடித் தருகிறார். முன்னறையில் பாய்க்குப் பாய் இடைவெளி இல்லை. யாரைப் பார்த்தாலும் சட்டைக்குள்ளிருந்து உன் கையெழுத்துப் போட்ட கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார்கள், குழந்தையைக் காட்டுகிற மாதிரி.

ஒருவரும் அந்தப் பெரிய சபையில் இன்னும் சேரவில்லை. "போதகரும் கார்டியும் வரட்டும், எல்லாரும் ஒண்ணா எழுந்து நிப்போம்" என்கிறார்கள். ஞாயிறு என்னோடு கடைசிப் பெஞ்சிலேயே உட்காருகிறார்கள். இப்போது கடைசிப் பெஞ்சு ஆறு வரிசை ஆகிவிட்டது, மூக்குக்கண்ணாடிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை!

என் கடிதத்தை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. புரிந்துகொண்டேன், கள்ளி. உன் கையாலேயே தர வேண்டும் என்று வைத்திருக்கிறாய். சரி, ஏழு மாதம் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுக்க மாட்டேனா! அதற்காகவே ஒரு வெள்ளைக் காலர் வாங்கி வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

காத்திருக்கிற,
ஓஸெல்லா


கிரீன் ஃபோர்க்,
1917 டிசம்பர் 3, திங்கள்

ஓஸி,

இதைப் படித்து முடிக்கும் வரை என்னைத் திட்டாதே. முடித்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

சனிக்கிழமை மாதக் கூட்டம். சபையில் மிச்சம் அப்பாவும் நானும்தான். இரண்டு பேருக்கு மணி அடித்தார், இரண்டு பேருக்கு ஜெபித்தார். "முதல்ல உனக்குத்தான்" என்று என் பெயரைச் சொன்னார். அவர் கை தூக்கினார். என் கடிதத்தை நானே எழுதி, என் பெயர்மேல் நானே கோடு போட்டேன். ஒரே துள்ளல் எனக்கு. "இப்ப உங்களுக்கு, அப்பா" என்றேன். அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

"யாரு கை தூக்கறது?" என்றார்.

"நான்தான்!"

"நீதான் கோடு போட்டியே."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷமாகக் காரியதரிசி, எனக்கு விதி தெரியாதா? ரயில் ரயில் என்றே மனசு ஓடியது. "அந்தக் கோட்டை அழிச்சிடறேன்" என்றேன். "கர்த்தருடைய பதிவேட்ல சுரண்டுவியா?" என்றார். "கடிதம் இல்லாம வாங்க, உங்கள யாரு கேப்பா, நீங்க போதகர்" என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கடிதம் இல்லேன்னு ஒரு பொம்பளைய எட்டு மாசம் கடைசிப் பெஞ்சுல உக்கார வெச்சவன் நான். நான் மட்டும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெறுங்கையோட போய் நிப்பேன்?"

சொல்லிவிட்டு அழுதார், ஓஸி. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். கோடு, கோடு, கோடு. கோடு விழாத பெயர் இரண்டே இரண்டு. ஓசியா கேதர், போதகர். ஓஸெல்லா ட்ரம்மண்ட்.

உன் கடிதத்தை நான் வைத்திருக்கவில்லை. நான் எழுதவே இல்லை. செப்டம்பரில் அந்த அறையில் தூக்கிய கைகளை மட்டும் பார்த்து எழுதினேன், உனக்காகக் கேட்க அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை, நான் இருந்தும் கேட்கவில்லை. அறுபத்தோரு பேருக்கு எழுதிய கை என் உயிர்த்தோழிக்கு எழுதவில்லை. உன் அக்டோபர் கடிதத்தில் வெள்ளைக் காலர் என்று படித்தும், சந்தோஷக் கிறுக்கில் எதையும் யோசிக்காமல் சிரித்தேன். வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு ஓட்டுப் போட உலகத்தில் இப்போது உன் ஒரு கைதான் இருக்கிறது. கேட்க எனக்கு வாய் இல்லை, அதனால் எழுதுகிறேன். நீ மாட்டேன் என்றால் அவர் கோபப்பட மாட்டார், அது நியாயம் என்று சொல்லிவிட்டார். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பார். ஆட்களை ஆசை காட்டி வெளியூர் அனுப்பினார் என்று வேடல் துரை வழக்குப் போடப்போகிறாராம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஷெரிப் வருவான்.

உன் பதில் வரும் வரை நானும் இங்கேதான்.

கார்டி


சிகாகோ,
1917 டிசம்பர் 8, சனி

கார்டி,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. நேற்று முழுக்க நான் கையைத் தூக்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன். வெள்ளைக் காலரை எடுத்துப் பெட்டியின் அடியில் போட்டேன், மாட்டுக் குடலைக் கழுவிக்கொண்டே உன்னைத் திட்டினேன், உன் அப்பாவைத் திட்டினேன். எனக்கு முதலில் ஓட்டுப் போடச் சொல், பிறகு பார்க்கலாம் என்று எழுதலாம் என்றுகூட நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்குக் கோடு விழுந்ததும் அவருக்குக் கை தூக்க ஆளில்லை. யார் முதலில் போனாலும் மற்றவர் மாட்டிக்கொள்வார். ஒருவர்தான் வெளியே வர முடியும்.

இன்று காலை எழுந்து முகம் கழுவி, காலரைப் போட்டுக்கொண்டு, சமையலறை நடுவில் நின்றேன். மிஸஸ் பிலிமோரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "நேபோ மலை பாப்டிஸ்ட் சபை இப்போது கூடியிருக்கிறது" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்து, "எங்கடி?" என்றார். சகோதரர் ஓசியா கேதருக்குச் சபைக் கடிதம் தரச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். தூக்கினேன். முழங்கை வளையாமல், கூரையைத் தொடுகிற மாதிரித் தூக்கினேன். எதிர்ப்பவர்கள்? ஒருவரும் இல்லை. கடிதம் இதோடு இருக்கிறது. 'நற்சாட்சி பெற்ற அங்கத்தினர்' என்று என் கோணல் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது பொய்யில்லை என்று பட்டது. ஒப்புக்கொண்டு அழுதாரே. அவர் பெயர்மேல் கோடு போட்டுவிட்டுப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலிலேயே இரண்டு பேரும் கிளம்புங்கள்.

இப்போது சிரிக்காமல் கேள். கோடு போட்டு முடித்ததும் பதிவேட்டில் கோடு இல்லாத பெயர் எத்தனை? ஒன்று! எனக்கு இனி யாரும் கடிதம் தர முடியாது. எனக்கு அது வேண்டவும் வேண்டாம். அடுப்படியில் கையைக் கீழே இறக்கும்போதுதான் புரிந்தது, நான் அந்தச் சபையின் அங்கத்தினள் இல்லையடி, நான்தான் சபை! எனக்குச் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டேன், மிஸஸ் பிலிமோர் தண்ணீர் கொண்டுவந்தார்.

உடனே தெருத்தெருவாகப் போய் நம் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். நாளை காலை பதினொரு மணிக்கு முன்னறையில் சபை கூடும். எல்லோரும் கடிதத்தோடு வர வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான் கை தூக்கிச் சேர்த்துக்கொள்வேன், சேர்ந்தவர்கள் அடுத்தவருக்குத் தூக்குவார்கள். அதன்பிறகு திருவிருந்து. ரொட்டி சுட்டு வைத்திருக்கிறேன், திராட்சைச் சாறு மிஸஸ் பிலிமோர் உபயம். இந்தத் தட்டு யார் முன்னாலும் திரும்பிப் போகாது.

எப்பிராயீமுக்கும் அவர் மனைவிக்கும் ஜன்னலோரம் இரண்டு நாற்காலி விட்டிருக்கிறேன். அவர்கள் வரும் வரை அதில் யாரும் உட்காரக் கூடாது என்று தீர்மானம். உனக்குக் காரியதரிசி வேலை காத்திருக்கிறது, ஆனால் இனி எழுதும்போது அறைக்கு வெளியே இருக்கிறவர்களையும் எண்ணு.

உன் அப்பாவைப் பற்றியும் சபை தீர்மானித்துவிட்டது. கடிதத்தை வாங்கிக்கொள்வோம். முதல் ஞாயிறு அவர் கடைசிப் பெஞ்சில் உட்காருவார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் செய்வார். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இல்லை.

இப்படிக்கு,
ஓஸெல்லா ட்ரம்மண்ட்,
நேபோ மலை பாப்டிஸ்ட் சபையின் மொத்த அங்கத்தினர்